பூங்கா ரேடியோவில் பதின்மூன்று வருஷம்

சென்ற மாதம் ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பெண்கள் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கல்லூரியில் சொந்தமாகவே ஒரு வானொலி நடத்துகிறார்களாம். "காஞ்சிபுரத்தோட முதல் ஆர்ஜே நீங்கதான்னு சொல்றாங்க மேடம்" என்றாள் ஒருத்தி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நகரசபைப் பூங்காவில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், எட்டடிக்குப் பத்தடி அறை ஒன்றில் உட்கார்ந்து, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு எழுபத்தெட்டு வயதில்தான் தெரிய வந்தது.

ஒன்றரை மணி நேரம் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஒலிபரப்பானது பதினோரு நிமிடம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பிறர் எழுதிக் கொடுத்ததை அப்படித்தான் வெட்டி வாசித்திருக்கிறேன். மிச்சத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் எல்லார் வீட்டிலும் ரேடியோ கிடையாது. அதனால் நகரசபையே ஒரு ரேடியோவை வைத்து, கம்பி இழுத்து, ஊரில் எட்டு இடங்களில் கூம்பு ஒலிபெருக்கிகளைக் கட்டியிருந்தது. எங்கள் பேச்சில் அவை கொம்புகள். பூங்காவில் ஒன்று, பஸ் ஸ்டாண்டில் ஒன்று, மார்க்கெட்டில், ரயிலடியில், பிள்ளையார்பாளையத்தில், சின்ன காஞ்சிபுரம் தேரடியில் என்று எட்டு. மாலை ஆறு மணிக்கு ஒலிபரப்பு தொடங்கும். முதல் பத்து நிமிடம் உள்ளூர்ச் செய்தி, அது என் வேலை. பிறகு சென்னை நிலையத்தின் பாட்டு, பேச்சு, செய்தி எல்லாம் அப்படியே கொம்புகளில் போகும்.

நான் ஐயம்பேட்டைக்காரி. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். மிஷன் பள்ளியில் பதினொன்றாவது வரை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதப்பகுதி வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். டைப்பிஸ்டாகத்தான் நகரசபையில் சேர்ந்தேன். ரேடியோ அறையில் வாசித்துக்கொண்டிருந்தவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. "யாராச்சும் இதை வாசிச்சுக் காட்டுங்க" என்று ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்த ரேடியோ அதிகாரி, ஐந்து பேரை வாசிக்கவிட்டு ஆறாவதாக என்னிடம் நின்றார். அவ்வளவுதான் என் பயிற்சி.

என் குரலைக் கேட்டு "யார் வீட்டுப் பொண்ணு" என்று விசாரித்தவர்களில் சிலர், பதில் தெரிந்ததும் கொஞ்ச நாள் காதைத் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீர் விடும் நேரம் என் வாயிலிருந்துதான் வரும் என்று ஆனதும் அந்தக் காதுகள் தாமாகவே திரும்பி வந்தன. ஆறே மாதத்தில் எஸ்தர் என்ற பெயர் போய், ஊருக்கே 'ரேடியோ அம்மா' ஆகிவிட்டேன். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று.

அந்த அதிகாரியின் பெயர் சபாபதி. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். ஆனால் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் ஓய்வு பெறப் போகிறவர் மாதிரி இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். யார் என்ன அறிவிப்பு கொண்டுவந்தாலும் முதலில் அது அந்தப் பென்சிலுக்குத் தப்ப வேண்டும். 'மாபெரும்' போகும். 'வரலாறு காணாத' போகும். 'அனைவரும் அலைகடலெனத் திரண்டு' முழுசாகப் போகும். ஒரு கட்சிக்காரர் கோபமாக, "என்ன சார், கடைசியில என் பேரும் இடமும் நேரமும்தான் மிச்சம் இருக்குது" என்றார். "அது மூணும் இருந்தா ஜனம் வந்துடும்பா" என்றார் சார்.

மைக்கை ஊதிப் பார்க்கக் கூடாது. விரலால் தட்டக் கூடாது. அன்றைய கிழமையை மட்டும் சொல்லிப் பார்க்க வேண்டும். தினமும் ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஊர் முழுக்க "செவ்வாய்" என்று ஒரு குரல் கேட்கும், பிறகு அமைதி. அதைக் கேட்டுக் கடிகாரம் திருத்திக்கொண்டவர்கள் உண்டு.

பெரிய சிக்கல் எதிரொலி. ஒரே தெருவுக்கு இரண்டு கொம்புகளின் சத்தம் வரும், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். வேகமாக வாசித்தால் ஒரு வாக்கியத்தின் வால் அடுத்ததன் தலைமேல் விழும். அதனால் ஒரு வாக்கியத்தில் ஏழு வார்த்தைக்கு மேல் கூடாது என்பார் சார். முடிந்ததும் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். பிற்பாடு கல்யாணமாகி வீட்டில் சண்டை போடும்போதுகூட எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. "உன்கூட சண்டை போடறதும் தந்தி படிக்கறதும் ஒண்ணு" என்பார் என் வீட்டுக்காரர்.

நான் வாசிக்கும்போது சார் அறையில் இருக்கவே மாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கொம்புக்கு அடியில் போய் நிற்பார். எந்தக் கொம்பு என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். திரும்பி வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். "மூணாவது சேதி வெங்காய மண்டி வரைக்கும் வரல." அல்லது, "தேரடியில ஏழு மணி ஏழரை மணியாக் கேட்டுது." எல்லாம் சரியாக இருந்த நாளில், "கேட்டுது" என்பார். பதின்மூன்று வருஷத்தில் அதற்கு மேல் ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

கருட சேவை நாளில் மட்டும் காலையிலேயே ஒலிபரப்பு தொடங்கிவிடும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கூட்டம் வந்து குவியும், பாதிப் பேர் தொலைந்து போவார்கள். ஒரு வருஷம் உத்திரமேரூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரைப் போலீஸ்காரர் என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர், ஊர், கட்டியிருந்த பச்சைக்கரை வேட்டி எல்லாம் சொல்லி, இன்னார் இங்கே இருக்கிறார், அவர் மனைவி வந்து அழைத்துப் போகவும் என்று வாசித்தேன். கேட்டதும் மனுஷருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் எங்கமா காணாம போனேன்? நான் நின்ன எடத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். அவதான் காணாம போயிட்டா. மாத்திப் படி."

சரி என்று மாற்றி வாசித்தேன். பத்து நிமிடத்தில் அந்த அம்மாள் மூச்சிறைக்க வந்தார். கணவரைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ஊரு பூரா என் பேரைச் சொல்லிக் காணோம்னு சொல்லிட்டியே. எங்க சம்பந்தி வூட்டுக்காரங்க எல்லாம் வந்துக்கீறாங்க. இவருதான் காணாம போனவரு. நான் ராட்டினத்துக்கிட்டதான் இருந்தேன். அதைச் சொல்லு இப்ப."

இரண்டு பேரும் மைக்குக்கு முன்னால் நின்று, யார் தொலைந்தது என்று வழக்காடினார்கள். சார் உள்ளே வந்து காகிதத்தை வாங்கி, சிவப்புப் பென்சிலால் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். நான் வாசித்தேன்: "காணாமற்போன இருவரும் கிடைத்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர்களும் அவர்களே." இருவருக்கும் திருப்தி. போகிற போக்கில் அந்த அம்மாள் எனக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ வைத்துவிட்டுப் போனார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் கல்லூரிப் பெண்கள் என்னிடம், "உங்களால மறக்க முடியாத நாள் எது" என்று கேட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறைச் சுவரில் சார் கைப்பட எழுதிய அட்டை ஒன்று தொங்கும். அதில் மூன்று விதிகள். ஒன்று, அறிவிப்பாளர் தவிர வேறு யாரும் மைக்கில் பேசக் கூடாது. இரண்டு, போனில் வரும் செய்தியை எழுதியதும் சொன்னவரிடமே திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். மூன்று, இறந்தவர் பெயரை வாசிக்கும் முன் அந்த வீட்டுக்கு ஆள் போய் வந்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு என்ன காரணம் என்று ஒருமுறை கேட்டேன். "மைக் போயி ஒரு வீட்டுக் கதவைத் தட்டக் கூடாதும்மா. ஆள்தான் தட்டணும்" என்றார்.

நான் சேர்ந்து மூன்றாவது ஐப்பசி. மூன்று நாளாக மழை விடவில்லை. வியாழக்கிழமை மாலை நாலே கால் மணிக்கு, பூங்காத் தோட்டக்காரர் காத்தவராயன் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "ரேடியோம்மா, ஆபீசுல போனு. வாலாஜாபாத் தாண்டி பஸ்ஸு கவுந்துச்சாம்."

போன் பூங்காவுக்கு எதிரே நகரசபை அலுவலகத்தில் இருந்தது. ஓடினேன். மறுமுனையில் ஒரு போலீஸ்காரர். பகல் இரண்டு மணிக்குக் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் புறப்பட்ட தனியார் பஸ், தரைப்பாலத்தில் வெள்ளம் இழுத்துச் சரிந்துவிட்டது. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒன்பது பேருக்குக் காயம், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். பெயர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த பஸ் ஐயம்பேட்டை வழியாகப் போகிற பஸ். வியாழக்கிழமைகளில் என் அம்மா அதில்தான் செங்கல்பட்டுச் சந்தைக்குப் போவாள்.

எழுதினேன். கை எழுதிக்கொண்டிருந்தது, காது மட்டும் ஒரே ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. சாராள், சாராள். ஒவ்வொரு பெயரும் அது இல்லை என்று ஆக ஆக எனக்கு மூச்சு வந்தது. பதினொன்றாவது பெயரும் முடிந்தது. அம்மா பெயர் இல்லை. "கர்த்தாவே ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் காகிதத்தைப் பார்த்தேன். இறந்தவர்கள்: ராகவன், ரயில்வே ரோடு. தனலட்சுமி, பிள்ளையார்பாளையம், வயது சுமார் முப்பது. என் கையெழுத்துதான், ஆனால் அவர் சொல்லி நான் கேட்டதாக ஞாபகமே இல்லை. லைனில் ஒரே இரைச்சல் வேறு. நான் திருப்பி வாசித்துக் காட்டவில்லை. உடனே மறுபடி கூப்பிட்டேன். அதற்குள் மழையில் லைன் போய்விட்டது.

சார் நனைந்துகொண்டே வந்தார். காகிதத்தை ஒருமுறை படித்தார். "திருப்பி வாசிச்சியாம்மா?" என்றார்.

"வாசிச்சேன் சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. பயம்தான். வேலை போய்விடுமோ என்ற பயம்கூட இல்லை. அம்மாவை மட்டும் நினைத்துக்கொண்டு ஊரார் பெயர்களைக் கோட்டை விட்டேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கம்.

நாலே முக்கால் மணிக்குள் பூங்காவில் கொம்புக்குக் கீழே நூறு பேர் கூடிவிட்டார்கள். பஸ் கவிழ்ந்த சேதி எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. பட்டுக் கடைத் தெருவில் செல்வாக்குள்ள ஒருவர் ஜன்னலருகே வந்து, "கையில பேரு இருக்குது இல்ல? படிச்சுட்டுப் போவியா, இப்படி ஜனங்களை மழையில நிக்க வெச்சுக்கினு" என்றார். அவர் மைத்துனர் அந்த பஸ்ஸில் போயிருந்தாராம்.

"அடிபட்டவங்க பேரையாவது படிச்சிடலாமே சார்" என்றேன்.

சார் தலையை ஆட்டினார். "ஒன்பது பேரு படிப்ப. பஸ்ஸுல போனவங்க வூட்டுக்காரங்க அம்பது பேரு கேப்பாங்க. அவங்க ஆளு பேரு அதுல இல்லன்னா என்ன நினைப்பாங்க? செத்தவங்க பேரை நாம படிக்கவே வேணாம், அவங்களே படிச்சுக்குவாங்க." பிறகு ஜன்னலுக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்து, "ஆறு மணிக்கு எல்லாம் சொல்றோம். அது வரைக்கும் பொறுத்துக்குங்கப்பா" என்றார். அந்தப் பட்டுக் கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் மைத்துனர் பெயர் காயம்பட்டவர்கள் பட்டியலில் இருப்பதை மட்டும் காட்டினார். அவர் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ரயில்வே ரோட்டுக்கு நான் போறேன். தனலட்சுமி வூட்டுக்கு நீ போ. பொம்பள போறதுதான் நல்லது" என்றார் சார்.

பிள்ளையார்பாளையம் வரை ரிக்‌ஷாவில் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஏழு வார்த்தைக்குள் சொல்ல முடிகிற சேதியா அது? தெருமுனையில் ஒரு டீக்கடையில் இறங்கி, தனலட்சுமி வீடு எது என்று கேட்டேன்.

நான் செய்த இரண்டாவது தப்பு அது. மழை, பஸ் கவிழ்ந்த சேதி, ரேடியோ அம்மா நேரில் வந்து ஒரு வீட்டைக் கேட்கிறாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"எந்த தனலட்சுமிமா? முப்பது வயசா? அப்ப நம்ம தறிக்காரர் கோபால் சம்சாரம். ஐயோ, காலையில பாத்தேனே" என்றார் ஒருவர். இன்னொருவர் எழுந்து எங்கேயோ ஓடினார். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் பின்னால் முப்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். நாலைந்து பெண்கள் அழவே தொடங்கிவிட்டார்கள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு பெண் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து பார்த்தேன்.

"தனலட்சுமி வீடு இதுதானேம்மா?"

"ரேடியோம்மா குரலு மாதிரி இருக்குதே" என்று அவள் எழுந்தாள். "நீங்களா? உள்ள வாங்க. நான்தான் தனலட்சுமி. எல்லாரும் எதுக்கு அழுதுக்கினு இருக்கிறாங்க?"

பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "நீ செத்துட்டேன்னு சொன்னாங்கடி."

"யாரு சொன்னது?"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த நூலை அறுந்து போகாமல் ஆணியில் மாட்டிவிட்டு, "எங்க வூட்டுக்காரரு எங்க?" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, டீக்கடையிலிருந்து ஓடியவர் அவருக்குச் சொல்லத்தான் ஓடியிருக்கிறார். கோபால் பெரிய தெருவில் ஜரிகை வாங்கிக்கொண்டிருந்தாராம். கேட்டதும் எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு, செங்கல்பட்டுக்கு ஏதாவது வண்டி கிடைக்குமா என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடிவிட்டாராம்.

"அவருக்கு நெஞ்சு வலி இருக்குதுமா" என்றாள் தனலட்சுமி. செருப்புகூடப் போடாமல் வாசலில் இறங்கிவிட்டாள்.

அவள் கையைப் பிடித்து ரிக்‌ஷாவில் ஏற்றினேன். பூங்காவுக்கு வந்தபோது ஆறுக்கு எட்டு நிமிடம். சார் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் ரயில்வே ரோட்டுச் சேதி உண்மைதான் என்று தெரிந்துவிட்டது. அங்கே அவர் என்ன சொன்னார், அந்த வீட்டார் என்ன கேட்டார்கள் என்று அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

"சார், இவங்கதான் தனலட்சுமி. உயிரோட இருக்கிறாங்க" என்றேன். பிறகு, வேறு வழியில்லாமல், "நான் திருப்பி வாசிக்கல சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம்தான்.

"அது அப்புறம். இவங்க வூட்டுக்காரரு எங்க?"

"பஸ் ஸ்டாண்டுல. செங்கல்பட்டுக்குப் போற வண்டி தேடிக்கினு இருக்கிறார்."

சார் சுவரில் தொங்கிய அட்டையை இறக்கினார். சிவப்புப் பென்சிலை எடுத்து முதல் விதியின்மேல் ஒரு கோடு போட்டார். "இன்னிக்கி மட்டும்" என்று ஓரத்தில் எழுதினார். "ஆறு மணிக்கு மொதல்ல இவங்களைப் பேச விடு" என்று சொல்லிவிட்டு, அந்த மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

நான் "வியாழன்" என்றேன். கொம்புக்குக் கீழே கூட்டம் அடங்கியது. ஆறு மணியானதும் தனலட்சுமியை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தேன். "பேசும்மா. பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கட்டினவன் பெயரை ஊர் முழுக்கக் கேட்கச் சொல்வதா? மைக்கை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க" என்றாள்.

எட்டுக் கொம்புகளிலும் அது போனது.

"ஏங்க, நான்தான் பேசுறேன். எனக்கு ஒண்ணும் ஆவல. நான் எங்கயும் போவல, வூட்லதான் இருந்தேன். நீங்க வண்டி ஏறாதீங்க. அங்கயே உக்காருங்க. மாத்திரை சட்டப் பையில இருக்குது, போட்டுக்கோங்க." கொஞ்சம் யோசித்தாள். "ஜரிகையைக் கடையிலயே வுட்டுட்டீங்களாம். வரப்போ எடுத்துக்கினு வாங்க."

வெளியே நூறு பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களில் யாருக்கு என்ன சேதி காத்திருக்கிறதோ, ஒருவருக்கும் தெரியாது. அப்படியும் சிரித்தார்கள். அதை என்னால் இப்போதும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

பிறகு நான் வாசித்தேன். பஸ் எது, எந்த இடம், எந்த ஆஸ்பத்திரி. செங்கல்பட்டுக்குச் சுற்றுவழியாகப் போக ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து நகரசபை லாரி ஏற்பாடாகியிருக்கிறது. காயம்பட்ட ஒன்பது பேரின் பெயர்கள். இறந்தவர் ராகவன், ரயில்வே ரோடு. இறந்த இன்னொருவர் ஒரு பெண், ஊர் இன்னும் உறுதியாகவில்லை, தெரிந்ததும் வீட்டுக்கே ஆள் வரும். என் குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. முடிந்ததும் சென்னை நிலையத்துக்குத் திருப்பிவிட்டேன்.

சார் ஏழரைக்குத் திரும்பினார். ஏழு மணி லாரி அப்போதே வந்து நின்றுவிட்டதாம், பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் ஏறிக்கொண்டிருந்தார்களாம். மேலே கொம்பிலிருந்து "ஏங்க" என்று கேட்டதும் கல்யாணமானவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். "ஒருத்தர் மட்டும் அப்படியே சேத்துல உக்காந்துட்டார்மா. அவரைக் கூட்டிக்கினு போய் வூட்ல வுட்டுட்டு வரேன்" என்றார். தலையைத் துவட்டிக்கொண்டார். "கேட்டுது" என்றார்.

அன்றைக்கே லைன் சரியானதும் அதே போலீஸ்காரரைப் பிடித்தேன். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பி வாசித்தேன். அவர் சொன்னது பிள்ளைச்சத்திரம். நான் எழுதியது பிள்ளையார்பாளையம். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். எங்கள் கொம்புகள் எட்டும் தூரத்திலேயே இல்லை. என் அம்மா அன்றைக்கு மழை என்று சந்தைக்கே போகவில்லை. வீட்டில் கேழ்வரகு அடை தட்டிக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் சார் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'கடும் மழையினாலும் தொலைபேசி இரைச்சலினாலும் மன உளைச்சலினாலும்' என்று தொடங்கியது. சிவப்புப் பென்சில் அதன்மேல் நடந்து முடிந்தபோது இரண்டே வாக்கியம் மிஞ்சியது. 'நான் திருப்பி வாசிக்கவில்லை. வாசித்ததாகப் பொய் சொன்னேன்.' "இது போதும், கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன். கோப்பில் வைத்தார்.

இரண்டு வாரம் என்னை மைக் பக்கம் விடவில்லை. அவரே வாசித்தார். அவர் குரல் ஆட்டுக்கல்லில் உளுந்து போட்ட மாதிரி இருக்கும். மூன்றாவது நாளே பிள்ளையார்பாளையத்திலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து, "அந்தம்மா தப்பு பண்ணா திட்டுங்க சார், எங்களுக்கு எதுக்கு தண்டனை" என்று கேட்டார்கள். கூட்டத்தின் முன்னால் நின்றவள் தனலட்சுமி.

அதற்குப் பிறகும் பத்து வருஷம் வாசித்தேன். வெள்ளம், தேர்தல், காலரா ஊசி, கூட்டுறவுச் சங்கத்தின் போனஸ். டிரான்சிஸ்டர் வந்தது. தறிமேட்டில் ஒன்று, அடுப்பங்கரையில் ஒன்று என்று ஆனபோது கொம்பைக் கேட்க ஆள் குறைந்தது. எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் ஏணி வைத்து எட்டையும் இறக்கினார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. தொண்டைக்கு நல்லதாயிற்று. என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஓய்வு பெறும்வரை, எழுதியதை வந்தவர்களிடம் வாசித்துக் காட்டாமல் ஒரு கையெழுத்தும் வாங்கியதில்லை. சார் வேறு ஊருக்கு மாறிப் போய், அங்கேயே காலமானார்.

கல்லூரிப் பெண்கள் பதினோரு நிமிடத்தில் தனலட்சுமி மைக்கில் பேசியதைத்தான் வைத்திருந்தார்கள். நன்றாகவே இருந்தது. வைக்காமல் விட்டது ஒன்று உண்டு.

அந்த வியாழனுக்கு அடுத்த ஞாயிறு, கோயில் முடிந்து வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வா என்று சார் சொல்லியனுப்பியிருந்தார். போனேன். "பிள்ளைச்சத்திரம் போவோம்" என்றார். அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் கீற்றுப் பந்தல் இன்னும் பிரிக்காமல் இருந்தது. இறந்துபோன தனலட்சுமியின் அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். மற்றவர்கள் வயலுக்குப் போயிருந்தார்கள். "யாருமா நீங்க?" என்றார்.

"காஞ்சிபுரத்துல ரேடியோவுல சேதி படிக்கிறவங்கம்மா" என்றேன்.

"சேதிதான் வந்துடுச்சே" என்றார் அவர்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்து போயிற்று. "உங்க பொண்ணு பேரு என்கிட்டதாம்மா மொதல்ல வந்துச்சு. நான் சரியாக் கேக்கல. ஊரைத் தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

சார் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

"அப்ப, அவ பேரை நீ படிக்கவே இல்லியா?" என்றார் அந்த அம்மாள்.

"இல்லம்மா."

"எல்லாருக்கும் படிச்சியா?"

"மத்த பத்துப் பேருக்கும் படிச்சேன்."

"அப்ப இப்ப படி" என்றார். "அங்க எப்படிப் படிப்பியோ அப்படியே படி. நான் கேக்கிறேன்."

நிமிர்ந்து நின்றேன். கையில் காகிதம் இல்லை. "தனலட்சுமி" என்றேன். ஒன்று, இரண்டு. "ஊர், பிள்ளைச்சத்திரம்." ஒன்று, இரண்டு. "வயது முப்பது."

"இருபத்தெட்டு" என்றார் அந்த அம்மாள்.

"வயது இருபத்தெட்டு."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே போய் இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "பஸ்ஸு வர நேரம் இருக்குது, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தோம்.